அழகு விளம்பரமும் ஒட்டுப்படக் கலையும்

மலர்க் குழு நண்பர்கள் இவ்வாண்டும் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். வழக்கம்போல நாலடியாரைப் பற்றியோ, வந்தவாசிப் பக்கத்துச் சமணக் கல்வெட்டுகளைப் பற்றியோ எழுதித் தருவேன் என்று நினைத்திருப்பார்கள். நானும் குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் சென்ற குளிர்கால விடுமுறையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் கத்தரிக்கோலும் பசையுமாக நடந்த ஒரு வேலை என் மனத்தை வேறு பக்கம் இழுத்துவிட்டது. பத்தாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி (மகள் வயிற்றுப் பேத்தி) பள்ளி ஓவியக் கண்காட்சிக்கு ஒரு படம் செய்தாள். வரைந்தாள் என்று சொல்ல முடியாது. பழைய விளம்பரத் தாள்களையும் போட்டோக்களையும் வெட்டி ஒட்டி, அழகு விளம்பரங்களைக் கேள்வி கேட்கும் ஒரு படத்தை உண்டாக்கினாள். அந்தப் படத்தில் என் கடையும் இருக்கிறது, என் கையெழுத்தும் இருக்கிறது. ஆகவே இக்கட்டுரை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பி.யு.சி.யோடு படிப்பை நிறுத்தியவன் நான். 1982ல் தில்லி வந்தேன். ஏஷியாட் விளையாட்டுப் போட்டிக்காக ஊரே பளபளவென்று மாறிக்கொண்டிருந்த நேரம். இரண்டு மூன்று ஆண்டு ஒரு கடையில் கணக்கு எழுதிவிட்டு, சதர் பஜாரில் சொந்தமாகச் சிறு கடை போட்டேன். பவுடர், பொட்டு, நெயில் பாலிஷ், கிரீம் இவற்றின் மொத்த வியாபாரம். கலை விமர்சனம் எனக்குத் தெரியாது. ஆனால் விளம்பரத் தாள் எப்படிக் கடைக்கு வருகிறது, எந்த உயரத்தில் மாட்டினால் கண்ணில் படும், மாட்டினால் எத்தனை பெட்டி கூடுதலாக நகரும் என்பதெல்லாம் நன்றாகத் தெரியும். அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

ஒட்டுப்படம் என்பது யாது?

பல இடங்களில், பல நேரங்களில் எடுத்த புகைப்படங்களைத் துண்டாக்கி, ஒரே தளத்தில் சேர்த்து, ஒரு புதுப் படமாக ஆக்குவதே ஒட்டுப்படம். மேல்நாட்டார் போட்டோ மாண்டேஜ் என்பர். 'மாண்டேஜ்' என்ற சொல் தொழிற்சாலையில் உதிரிப் பாகங்களை இணைத்து இயந்திரம் பூட்டுவதைக் குறிக்கும். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் பெர்லின் நகரத்துத் 'தாதா' இயக்கக் கலைஞர்கள், "நாங்கள் ஓவியர்கள் அல்லர், பாகம் பூட்டுபவர்கள்" என்ற பொருளில் தங்கள் வேலைக்கு இப்பெயரைச் சூட்டிக்கொண்டார்கள்.

நமக்கும் இது புதிதன்று. ராஜஸ்தானத்து நாத்துவாரத்தில் 'மனோரதம்' என்றொரு வகைப் படம் உண்டு. ஸ்ரீநாத்ஜியின் பூசைக் காட்சியை ஓவியர் வரைவார். பக்கத்தில் கைகூப்பி நிற்கும் பக்தர் குடும்பத்துக்கு மட்டும் உண்மையான புகைப்படத்திலிருந்து முகத்தை வெட்டி ஒட்டுவார். உடம்பு ஓவியம், முகம் போட்டோ. பெரும்பாலும் வியாபாரிக் குடும்பங்கள் செய்து வாங்கிக்கொண்ட படங்கள் இவை. நம் ஊர்க் கல்யாண ஆல்பத்தில் தாமரைப் பூவுக்குள் மணமக்கள் உட்கார்ந்திருப்பார்களே, அதுவும் இந்த இனந்தான்.

ஆக, தொழில்நுட்பம் ஒன்றுதான். எதற்குச் செய்கிறோம், ஒட்டை மறைக்கிறோமா காட்டுகிறோமா என்பதில்தான் வித்தியாசம். இக்கட்டுரை முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றியதே.

விளம்பரமும் ஓர் ஒட்டுப்படமே

அழகு கிரீம் விளம்பரத்தில் ஒரு பெண் இருப்பாள். அவள் ஒரு பெண் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அவள் பல துண்டுகளின் கூட்டு. ஒரு எடுப்பில் கண் நன்றாக அமையும், இன்னொன்றில் சிரிப்பு. இரண்டையும் சேர்ப்பார்கள். கழுத்து நீளும், கன்னத்து மரு மறையும். போட்டோஷாப் என்ற மென்பொருள் 1990ல் விற்பனைக்கு வந்தது. அதில் படத்தை அடுக்கடுக்காக, கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தது போல வைத்து வேலை செய்யலாம். கடைசியில் எல்லா அடுக்கையும் ஒன்றாக அமுக்கிவிட்டால் ஒட்டு எங்கே என்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

கம்ப்யூட்டருக்கு முன்பும் இந்த வேலை உண்டு. கறுப்பு வெள்ளைக் காலத்து ஸ்டுடியோவில் 'டச்சிங்' என்பார்கள். நெகட்டிவ்மேல் மெல்லிய வார்னிஷ் தடவி, கூர்மையான பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். நெகட்டிவில் கருமை கூடினால் பிரிண்ட்டில் அந்த இடம் வெளுக்கும். முகத்தை வெளுப்பாக்கக் கருப்பைப் பூச வேண்டும் என்பது வேடிக்கையான உண்மை.

அச்சில் இன்னும் வேடிக்கை. எந்த விளம்பரத் தாளையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். முகம் என்று ஒன்றும் இருக்காது. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மசிகளின் புள்ளிகள்தான் இருக்கும். கரிய மேனியில் நீலப் புள்ளியும் கறுப்புப் புள்ளியும் சற்றுப் பெரிதாக இருக்கும், வெளுத்த மேனியில் சிறுத்திருக்கும். இவ்வளவுதான் சங்கதி. இந்தப் புள்ளி வித்தியாசத்தை வைத்துத்தான் நான் நாற்பது வருஷம் சோறு சாப்பிட்டிருக்கிறேன்.

'முன்பு, பின்பு' என்று இரண்டு முகம் போடுவார்களே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். 'முன்பு' முகத்துக்கு மங்கிய வெளிச்சம், வாடிய பார்வை. 'பின்பு' முகத்துக்கு நேர் வெளிச்சம், சிரிப்பு, காதில் புதுத் தோடு. தோடும் சிரிப்பும் கிரீமுக்குள்ளிருந்தா வந்தது? பெட்டியோடு நிறம் அளக்கும் அட்டைகூட வந்த காலம் உண்டு. கடைப் பையன்கள் அதைத் தங்கள் கையில் வைத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். சிரித்தார்களே தவிர, மாலையில் ஒரு குழாய் கேட்டு வாங்கிக்கொண்டும் போவார்கள்.

முன்னோடிகள் இருவர்

விளம்பரத்தின் கத்தரிக்கோலையே பிடுங்கி விளம்பரத்தை வெட்டியவர்களில் முதல்வரிசையில் வைக்க வேண்டியவர் ஜெர்மனியின் ஹன்னா ஹோக் (1889–1978). இந்த அம்மையார் 1916 முதல் 1926 வரை பெர்லினில் உல்ஸ்டைன் என்ற பெரிய பத்திரிகை நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பெண்கள் பத்திரிகைகளுக்குப் பின்னல், பூவேலை மாதிரிகள் வரைவது அவர் பணி. பகலில் பெண்களை அழகுபடுத்தும் பத்திரிகைக்கு வேலை, ஓய்வு நேரத்தில் அதே மாதிரிப் பத்திரிகைகளை வெட்டிக் கேலி. 1920ஐ ஒட்டி அவர் செய்த 'அழகிய பெண்' என்ற படம் அளவில் நம் காலண்டர் தாளைவிடச் சிறியது. நீச்சல் உடையில் ஒரு பெண் இரும்பு உத்தரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். தலை இருக்க வேண்டிய இடத்தில் மின்சார பல்பு. சுற்றிலும் பி.எம்.டபிள்யூ. கார் கம்பெனியின் வட்டச் சின்னங்கள், ஒரு டயர், ஒரு கடிகாரம். மேலே கொண்டை போட்ட ஒரு பெரிய முகம், அதில் ஒரு கண் மட்டும் வேறு எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது. பார்த்த உடனே ஒன்று புரிகிறது. பெண்ணையும் காரையும் பல்பையும் ஒரே மாதிரி விற்கிறார்கள் என்பதைத்தான் அவர் படமாகப் பூட்டிக் காட்டியிருக்கிறார்.

இரண்டாமவர் அமெரிக்காவின் மார்த்தா ராஸ்லர் (பிறப்பு 1943). 1966 முதல் 1972 வரை 'அழகிய உடல், அல்லது அழகுக்கு வலி தெரியாது' என்ற பொருள்பட ஒரு வரிசை ஒட்டுப்படங்கள் செய்தார். பத்திரிகைகளில் வந்த உள்ளாடை விளம்பரம், சமையலறை விளம்பரம் இவற்றை எடுத்து, அவற்றின்மேல் பெண் உடலின் துண்டுகளை ஒட்டினார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் வியட்நாம் போர்ப் படங்களை அலங்கார வீட்டு வரவேற்பறைப் படங்களோடு சேர்த்து இன்னொரு வரிசையும் செய்தார். இரண்டுக்கும் உத்தி ஒன்றே. ஒரே பத்திரிகையில் நாலு பக்கம் தள்ளித் தள்ளி இருப்பவற்றை ஒரே பக்கத்தில் கொண்டுவந்து வைப்பது. தள்ளித் தள்ளி இருக்கும்வரை நமக்கு உறுத்தாது. பக்கத்தில் வைத்தால் உறுத்துகிறது.

விளம்பரக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 2006ல் டவ் சோப்புக் கம்பெனி ஒரு குறும்படம் வெளியிட்டது. ஒரு சாதாரணப் பெண்ணின் முகம் ஒப்பனையாலும் கம்ப்யூட்டராலும் எப்படி விளம்பரப் பலகை முகமாகிறது என்று ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் காட்டியது. உலகமே பாராட்டிற்று. அந்தச் சோப்பின் தாய்க் கம்பெனிதான் இந்தியாவில் சிவப்பழகு கிரீமும் விற்றது. ஒட்டைக் காட்டுவதையும் ஒரு விற்பனை உத்தியாக ஆக்க முடியும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

நம் நாட்டில்

ஃபேர் அண்ட் லவ்லி 1975ல் சந்தைக்கு வந்தது. 1998ல் நம் தமிழ்நாட்டுக் கவின்கேர் நிறுவனம் ஃபேர் எவர் கிரீமைக் கொண்டுவந்தது. 2005ல் ஆண்களுக்கென்று இமாமி நிறுவனத்தின் கிரீம் வந்தது. ஆண்கள் அதுவரை வீட்டுப் பெண்களின் குழாயைத்தான் ரகசியமாகத் தடவிக்கொண்டிருந்தார்கள் என்பது எங்கள் சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

எதிர்ப்பும் கூடவே வளர்ந்தது. கரிய மகள் கிரீம் தடவி விமானப் பணிப்பெண் ஆகி அப்பாவைக் காப்பாற்றுவதாக ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வந்தது பலருக்கு நினைவிருக்கும். 'எனக்கு ஒரு மகன் இருந்திருந்தால்' என்று அந்த அப்பா ஏங்குவார். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதை எதிர்த்துத் தில்லியில் தொடர்ந்து போராடியது. 2003ல் அவ்வகை விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. 2009ல் சென்னையில் கவிதா இம்மானுவேல் தொடங்கிய 'உமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கத்தை ஆரம்பித்தது. 2013ல் நடிகை நந்திதா தாஸ் அதில் சேர்ந்தார். தில்லியில் வளர்ந்தவர், ஓவியர் ஜதின் தாஸின் மகள். நம்மவர்களுக்கு 2002ல் வந்த 'அழகி' படத்தின் தனலட்சுமியாகத்தான் அவரைத் தெரியும். 2014ல் விளம்பரத் தர மன்றம், கரிய மேனி உள்ளவர்களைச் சோகமானவர்களாகவும் கவர்ச்சியற்றவர்களாகவும் விளம்பரத்தில் காட்டக் கூடாது என்று விதி வகுத்தது. 2019ல் அந்த முதல் கிரீமின் பெட்டியிலிருந்து இரட்டை முகமும் நிற அட்டையும் நீங்கின. 2020 ஜூலையில் பெயரும் 'குளோ அண்ட் லவ்லி' என்று மாறியது. 2024 டிசம்பரில் தில்லி மாவட்ட நுகர்வோர் மன்றம் ஒன்று, ஆண்கள் கிரீமின் விளம்பரம் தவறான எண்ணத்தைத் தருவதாகக் கூறி இமாமிக்கு 14.5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 79 ரூபாய் கொடுத்து அந்தக் கிரீமை வாங்கிய ஒருவர் 2013ல் போட்ட வழக்கு அது.

படைப்பாளிகளின் பக்கம் வருவோம். 2017 டிசம்பரில் சென்னையில் 'டார்க் இஸ் டிவைன்' என்ற புகைப்பட வரிசை வெளிவந்தது. விளம்பரத் துறையைச் சேர்ந்த பரத்வாஜ் சுந்தரும் புகைப்படக் கலைஞர் நரேஷ் நீலும் சேர்ந்து செய்தது. லட்சுமி, சரஸ்வதி, சிவன், முருகன் முதலிய தெய்வங்களாகக் கரிய மேனி உடைய நம் ஊர்ப் பிள்ளைகளை அமர்த்தி எடுத்த படங்கள். காலண்டர் அலங்காரம் அப்படியே இருக்கிறது, மேனி மட்டும் மாறியிருக்கிறது. பார்க்கிறவர் ஒரு கணம் திகைப்பார். ஏன் திகைத்தோம் என்று அடுத்த கணம் வெட்கப்படுவார். 1894ல் ரவிவர்மாவின் அச்சகம் தொடங்கிய நாளிலிருந்து காலண்டர் தெய்வங்கள் நம் வீட்டுச் சுவரில் எவ்வாறு வெளுத்துக்கொண்டே வந்தன என்பதற்கு அந்தத் திகைப்பே சாட்சி. அதே ரவிவர்மாவின் லட்சுமியாகப் பெங்களூர்க் கலைஞர் என். புஷ்பமாலா தாமே வேடமிட்டு, கிளேர் ஆர்னி என்ற புகைப்படக்காரரோடு சேர்ந்து 2000க்கும் 2004க்கும் இடையில் எடுத்த வரிசையும் இங்கே நினைக்கத் தக்கது. இவை இரண்டும் கத்தரித்து ஒட்டியவை அல்ல, வேடமிட்டு எடுத்தவை. ஆயினும் நோக்கத்தால் ஒட்டுப்படத்துக்கு உடன்பிறந்தவை. தில்லியிலேயே விவான் சுந்தரம் 2001, 2002ல் தம் தாய்வழிப் பாட்டனார் உம்ராவ் சிங் எடுத்த குடும்பப் புகைப்படங்களைக் கம்ப்யூட்டரில் வெட்டி இணைத்து, அம்ருதா ஷேர்கிலைப் பற்றிய அருமையான ஒட்டுப்படங்கள் செய்தார். குடும்ப ஆல்பமே கலைக்குக் கச்சாப் பொருள் ஆகலாம் என்று காட்டியவர் அவர்.

தமிழ் மரபு சொல்வது

நாம் வெளுப்பைச் 'சிவப்பு' என்கிறோம். இந்திக்காரர்கள் 'சாஃப் ரங்' என்கிறார்கள், அதாவது சுத்தமான நிறம். அப்படியானால் மற்றது அழுக்கா? சொல்லுக்குள்ளேயே விளம்பரம் இருக்கிறது பாருங்கள்.

சங்க இலக்கியத்தில் தலைவியின் அழகிய நிறத்துக்கு 'மாமை' என்று பெயர். மாந்தளிரின் நிறம். வெளுத்துப் போவதற்குப் பெயர் 'பசலை'. அது பிரிவால் வரும் நோய். குறுந்தொகை 27ல் வெள்ளிவீதியார் தம் மாமை அழகைப் பசலை தின்கிறதே என்றுதான் வருந்துகிறார். வள்ளுவர் 'பசப்புறு பருவரல்' என்று ஓர் அதிகாரமே (119) வைத்தார். அந்தக் காலத்துத் தலைவியிடம் நம் 'முன்பு, பின்பு' படத்தைக் காட்டினால், "ஐயோ, இந்தப் பெண்ணுக்கு என்ன நோய் வந்தது, யார் பிரிந்து போனார்?" என்று இரண்டாவது படத்தைப் பார்த்துத்தான் கேட்டிருப்பாள்.

நான் படித்த நூல்களில் ஒட்டைக் கண்டுபிடித்த கதை ஒன்றும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேனர் இயற்றிய ஆதிபுராணத்தில் வருவது. ரிஷபதேவரின் அவையில் நீலாஞ்சனை என்ற தேவமகள் ஆடிக்கொண்டிருக்கிறாள். ஆட்டத்தின் நடுவிலேயே அவள் ஆயுள் முடிந்து மறைந்துவிடுகிறாள். ரசம் கெடக் கூடாதென்று இந்திரன் அந்தக் கணமே அவளைப் போலவே ஒருத்தியை அங்கே நிறுத்துகிறான். தாளம் தப்பவில்லை, அவையில் யாருக்கும் தெரியவில்லை. ரிஷபதேவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அவர் துறவு பூணுவதற்கு அதுவே காரணமாயிற்று. சிறுவயதில் எங்கள் ஊர்ப் பெரியவர் சொல்லக் கேட்டபோது இதை நிலையாமைக் கதை என்றுதான் எடுத்துக்கொண்டேன். இப்போது இன்னொன்றும் தோன்றுகிறது. இந்திரன் செய்தது உலகின் மிகச் சிறந்த 'டச்சிங்'. அதை ஒருவர் கண்ணால் கண்டுபிடித்தார். துறவு நம்மால் ஆகாது, கண்டுபிடிப்பதாவது ஆகலாமே.

பேத்தியின் படமும் செய்முறையும்

டிசம்பர் மாதம் பேத்தி என்னிடம் வந்து, "தாத்தா, குடோன்ல பழைய போஸ்டர் இருக்கா?" என்று கேட்டாள். ஒரு மூட்டை கொண்டுவந்து கொடுத்தேன். அவள் வேலை செய்த முறையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நம் பிள்ளைகள் யாரேனும் செய்ய விரும்பினால் பயன்படும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் சேகரிப்பு. படம் பிடித்திருக்கிறதா என்று பார்க்காமல், ஒன்றோடொன்று சண்டை போடும் துண்டுகளாகப் பொறுக்கினாள். சிரிக்கும் முகங்கள், விலைச் சீட்டு, நிற அட்டை, சிவகாசி லட்சுமி காலண்டர், ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் வரன் தேடும் பத்தி. அடுத்தது வெட்டுதல். வழவழப்பான தாளைக் கத்தரியால் வெட்டினால் ஓரம் பிசிறும் என்று, கீழே தடித்த அட்டை வைத்து பிளேடு கத்தியால் வெட்டினாள். சில துண்டுகளை வேண்டுமென்றே கையால் கிழித்தாள். கிழித்தால் ஓரத்தில் தாளின் வெள்ளை தெரியும். அது வேண்டும் என்றாள்.

மூன்றாவது, ஒட்டாமல் பரப்பிப் பார்ப்பது. இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. மூன்று நாள் எங்களுக்குச் சாப்பாடு தரையில்தான். ஒவ்வொரு மாற்றத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். துண்டுகளின் அளவு பொருந்தாமல் இருந்தால் குறை இல்லை, குறைகூறும் படத்துக்கு அதுவே பலம். பெரிய உதடு, சின்னக் கண் என்று வைத்தால்தான் பார்ப்பவன் நிற்பான். கடைசியாக ஒட்டுதல். தண்ணீர்ப் பசை போட்டால் தாள் சுருங்கும். குச்சிப் பசையை மெல்லிதாகத் தடவி, மேலே வெள்ளைத் தாள் வைத்து, கனமான புத்தகங்களை அடுக்கி ஓரிரவு விட வேண்டும். என் அபிதான சிந்தாமணி அன்று நல்ல உதவி செய்தது.

இரண்டு எச்சரிக்கைகள். பிறர் படத்தை விமர்சனத்துக்காக நியாயமாக எடுத்தாள 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் இடம் தருகிறது. ஆனால் அதை விற்றுக் காசாக்கப் புறப்பட்டால் கதை வேறு. இரண்டாவது, தெரிந்தவர் போட்டோவை வெட்டுவதாயிருந்தால் அவரைக் கேட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும். இந்த இரண்டாவது விதி எங்கள் வீட்டில் பெரிய விஷயமாகிவிட்டது.

நடுவில் வைக்க ஒரு முகம் தேடிக்கொண்டிருந்தவள் பீரோவைக் குடைந்து இரண்டு போட்டோ கொண்டுவந்தாள். இரண்டும் அவள் அம்மா, அதாவது என் மகள். ஒரே புடவை, ஒரே நாற்காலி, ஒரே பார்வை. ஒன்றில் என் மகளின் நிறம். மற்றதில் யாரோ ஒரு வெளுத்த பெண். "தாத்தா, இதுல எது அம்மா?" என்று கேட்டாள்.

2008ல் மகளுக்கு வரன் பார்த்த நேரம். போட்டோ எடுத்த கடைக்காரர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ரங் தோடா சாஃப் கர் தூம்?" என்றார். கொஞ்சம் நிறத்தைச் சுத்தம் பண்ணட்டுமா என்று அர்த்தம். அவர்மேல் தப்பில்லை, எல்லோரும் கேட்பதைத்தான் அவர் கேட்டார். என் மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் தலையை ஆட்டினேன். அந்தப் படத்தைப் பார்த்து ஒரு குடும்பம் வந்தது. பையனின் அம்மா என் மகளைப் பார்த்துவிட்டு, "போட்டோல நல்ல கலரா இருந்தாங்களே" என்றார். டிபன் சாப்பிட்டார்கள், போனார்கள், பதில் வரவில்லை. என் மகள் காபி டம்ளர்களை எடுத்துப் போய்க் கழுவி வைத்தாள். அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, அதன் பிறகும் சொல்லவில்லை. மறு வருஷம் நல்ல இடம் அமைந்தது. அவர்கள் போட்டோவே கேட்கவில்லை.

இதையெல்லாம் பேத்தியிடம் சொன்னேன். அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். "வெட்டிக்கோ, எனக்கென்ன" என்று பதில் வந்தது. இரண்டு போட்டோவையும் நெற்றியிலிருந்து மோவாய் வரை நடுவில் வெட்டி, உண்மைப் பாதியையும் திருத்திய பாதியையும் சேர்த்து வைத்து, கறுப்பு நூலால் வாயகலத் தையல் போட்டு இணைத்தாள். ஒட்டு யார் கண்ணுக்கும் தப்பாது. சுற்றிலும் நிற அட்டையை ஏணிப்படி மாதிரி வெட்டி வைத்தாள். ஏணி எங்கேயும் போய்ச் சேரவில்லை, தாளின் ஓரத்தில் முடிந்துவிடுகிறது.

பிறகு போஸ்டர் மூட்டைக்குள் கிடந்த ஒரு பழைய பில் புத்தகத்தைக் காட்டினாள். 2008ஆம் வருஷத்தது. கார்பன் நகலில் என் கையெழுத்து. சிவப்பழகு கிரீம், இத்தனை டஜன், இவ்வளவு ரூபாய். "இதையும் ஒட்டட்டுமா தாத்தா?" என்றாள்.

இரண்டு நாள் நான் பதில் சொல்லவில்லை. வியாபாரத்துக்கு ஒரு நியாயம் உண்டு. கேட்கிற சரக்கைத்தானே விற்றேன், அந்தக் காசில்தானே இந்த மகளையும் படிக்கவைத்தேன் என்றெல்லாம் மனசு வாதாடியது. ஆனால் அந்தப் படத்தில் பில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். குற்றமெல்லாம் எங்கோ பம்பாயில் இருக்கும் கம்பெனியோடு போய்விடும். கம்பெனிக்கும் என் மகள் முகத்துக்கும் நடுவில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமலே போய்விடும். நான் மட்டும் அந்த அவையில் உட்கார்ந்து ஆட்டத்தை ரசித்தவன் அல்லன், விளக்குப் பிடித்தவன். மூன்றாம் நாள், "ஒட்டிக்கோ, கண்ணு" என்றேன். தைத்த முகத்துக்குக் கீழே, வரன் தேடும் பத்திக்கும் லட்சுமி காலண்டருக்கும் நடுவில் அதை ஒட்டினாள்.

கண்காட்சிக்கு என் மகளும் வந்திருந்தாள். படத்தின்முன் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பில்லுல உங்க கையெழுத்து நல்லா இருக்குப்பா" என்றாள். எனக்கு வேறொன்றும் பேசத் தோன்றவில்லை. "அன்னைக்கு உன்னக் கேட்டிருக்கணும்மா" என்று மட்டும் சொன்னேன். "ம்" என்றாள்.

முடிவாக

கடையை இப்போது என் மகன் பார்த்துக்கொள்கிறான். கிரீம் விற்பதை நிறுத்திவிட்டோம் என்று பொய் சொல்ல மாட்டேன். பெயர் மாறியிருக்கிறது, சரக்கு நகர்கிறது. முகம் வெளுக்கும் படம் போட்ட தாளை மட்டும் கடையில் மாட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். சிறிய காரியந்தான்.

தில்லி வாழ் தமிழ்க் குடும்பங்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். நம் பிள்ளைகளுக்கு ஒரு விளம்பரத் தாளும் ஒரு லென்ஸும் கொடுத்து, எங்கே ஒட்டு இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தியா கேட் அருகில் ஜெய்ப்பூர் ஹவுஸில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கு அழைத்துப் போங்கள். தென்னாட்டுப் பயணத்துக்குப் பின் 1937ல் அம்ருதா ஷேர்கில் தீட்டிய 'மணமகள் அலங்காரம்' அக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளது. எத்தனை விதமான மேனி நிறங்களை அவர் ஒரே சட்டத்துக்குள் அழகாக்கியிருக்கிறார் என்பதைக் காணலாம். மூன்றாவதாக, நம் சங்கங்களின் வரன் பதிவுப் படிவங்களில் 'நிறம்' என்று ஒரு கட்டம் இருக்குமானால் அதை எடுத்துவிடுங்கள். போட்டோ ஒட்டும் இடத்தில், எடுத்த படத்தை எடுத்தபடியே ஒட்டுங்கள்.

கருப்பே அழகு, காந்தலே ருசி என்று எங்கள் பாட்டி சொல்வாள். அடிப்பிடித்த பொங்கலுக்காகச் சொன்ன சமாதானம் என்று அன்று நினைத்தேன்.